விசைக் கணக்கைப் பைத்தானில் ஏற்றிய வேலைக் குறிப்பு

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் பதினொரு வாரத்துக்குப் பிறகு ஒழுங்காக ஓடுகிறது. ரங்கூனில் ஒரு பருப்புக் கடைக்கு எழுதியது. உளுந்து, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொத்தமல்லி என்று நாற்பது சொச்சம் சரக்கு. விசையும் டிக்கலும் (பர்மாவின் எடை அளவுகள்) போட்டால் பில் தொகை வரும். கடை எடுத்துவைக்கும் நேரத்தில் சரக்குவாரியாக அன்றைய விற்பனை கூட்டி வரும். மொத்தம் 214 வரி. சொல்லிக் கொடுத்தது முழுக்க இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பாடங்கள். எந்தக் கட்டத்தில் எது உடைந்தது, எதை மாற்றியபின் நின்றது என்பதை வரிசையாகக் குறித்திருக்கிறேன்.

பாடம் பிடித்தது

முதல் பிசகு இங்கேயே. ஒரே நாளில் நான்கு பாடங்களில் பெயர் பதிவு. எல்லாமே மாறியிலிருந்து (மதிப்பை வைக்கும் பெயர்) தொடங்கி இஃப் (நிபந்தனை), லூப் (திரும்பத் திரும்பச் செய்வது) என்று போகிறவை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் நான்கிலும் லூப் வரை வந்தாயிற்று, எதிலும் அதைத் தாண்டவில்லை. ஒரே படியில் நான்கு தடவை ஏறியதுதான் மிச்சம். அதில் ஒரு பாடம் பைத்தான் 2 காலத்தது. பிரிண்ட் என்ற அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக் காட்டினால் அது பழசு என்று வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு நின்றுவிட்டது. அந்தப் பாடத்தை அப்படியே மூடிவிடலாம்.

பிறகு ஒன்றை மட்டும் முதுகெலும்பாக வைத்தது: ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் பைத்தான் மூக் (எல்லாருக்கும் திறந்த இணையப் பாடம்). 14 பகுதிகள். முதல் ஏழு அறிமுகம், அடுத்த ஏழு மேல்நிலை. தேர்ந்ததற்குக் காரணம் தரம் மட்டும் இல்லை, அது எழுத்துப் பாடம். பக்கத்தை ஒருமுறை திறந்து வைத்தால் லைன் போனாலும் படித்துக்கொண்டே இருக்கலாம். நான்காம் பகுதியிலிருந்து பயிற்சிகள் விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற எடிட்டருக்குள் (நிரல் எழுதும் செயலி) இறங்கிவிடும். சரியா தப்பா என்று பார்க்கும் சோதனை நம் கணினியிலேயே ஓடும். விடையை அனுப்ப மட்டும்தான் இணைப்பு வேண்டும்.

பக்கத்துணை ஹார்வர்டின் சிஎஸ்50பி என்ற பைத்தான் காணொளிப் பாடம், டேவிட் மாலன் நடத்துவது. 0 முதல் 9 வரை எண் போட்ட பத்து வாரம். முழுவதும் பார்க்கவில்லை. 3-ஆம் வாரம் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழையைச் சமாளிப்பது), 5-ஆம் வாரம் யூனிட் டெஸ்ட் (நிரலைத் துண்டு துண்டாகச் சோதிப்பது), 6-ஆம் வாரம் ஃபைல், இந்த மூன்றும்தான். காணொளியைப் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்துவிட்டது என்ற தெம்பில் எடிட்டரைத் திறந்தால் முதல் வரியே வராது. ஆகவே ஒரு விதி: காணொளி ஓடும்போது கை விசைப்பலகையில் இருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பார்க்காமல் அடித்துப் பார்க்க வேண்டும்.

கருவி

கடையில் இருந்தது விண்டோஸ் 7 போட்ட பழைய மேசைக் கணினி. பைத்தான் தளத்தில் முதலில் கண்ணில் படும் புதிய பதிப்பை இறக்கினால் அதில் ஏறாது. 3.9 முதல் விண்டோஸ் 7 கிடையாது. 3.8 வரிசையில் நிறுவி கிடைக்கும் கடைசிப் பதிப்பு 3.8.10, அதைப் போட வேண்டும். நிறுவும்போது முதல் திரையில் கீழே "பாத்தில் சேர்" (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலில் சேர்) என்ற கட்டம் காலியாக இருக்கும். அதில் டிக் போடாமல் விட்டால் கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடிக்கும்போது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். ஒரு மாலை முழுக்கத் தின்ற கட்டம் அது.

இன்னொரு கருவி, வீட்டு மடிக்கணினியில் தோனி. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த எடிட்டர். பைத்தானும் உள்ளேயே வருகிறது, பாத் தொல்லை இல்லை. ஒரு கணக்கீட்டைப் படிப்படியாக உடைத்து, எந்த மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்று ஓரத்தில் காட்டும். முதல் இரண்டு மாதத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் பைத்தான் ஓட்டும் பைட்ராய்டு 3 செயலி. இணைப்பில்லாமலே ஓடும், மின்சாரம் போன நேரத்தில் சின்னப் பயிற்சிகளுக்குப் போதும். ஃபோன் விசைப்பலகையில் வரித் தொடக்க இடைவெளி எண்ணிப் போடுவது பெரிய ரோதனை, இருபது வரிக்கு மேல் அதில் எழுதாதீர்கள்.

மறக்காமல் இறக்க வேண்டியது பைத்தானின் ஆவணத் தொகுப்பு. தளத்திலேயே எச்டிஎம்எல் ஜிப்பாகக் கிடைக்கும். நெட் இல்லாத இரவில் தேடுபொறி எதுவும் உதவிக்கு வராது, இந்த ஜிப் வரும்.

கரன்ட் வந்து போகும் ஊரில் பாட அட்டவணையைக் கடிகாரத்தை வைத்துப் போட முடியாது. வேலையை இரண்டாகப் பிரித்தது: இணைப்பு வேண்டியவை, வேண்டாதவை. கரன்டும் நெட்டும் சேர்ந்து இருக்கும் நேரம் இறக்குவதற்கும் விடை அனுப்புவதற்கும் மட்டும். படிப்பதும் அடிப்பதும் மற்ற நேரத்தில். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டால் 600 வாட்-மணி. இன்வெர்ட்டரில் போவது போக 510 கையில் நிற்கும். மடிக்கணினி 30 வாட், ரவுட்டர் 10 வாட் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் அதே பேட்டரியில் விசிறியையும் மாட்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

முதல் நிரல்: எடை

பாடத்தின் இரண்டாம் பகுதியிலேயே சொந்த நிரலைத் தொடங்கியாயிற்று. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதில் கற்றதைக் கடைக் கணக்கில் ஓரிடத்தில் பூட்டுவது என்று ஏற்பாடு. முதலில் விசையைக் கிலோவாக்குவது. ஒரு விசை 3.6 பவுண்டு, அதாவது 1.63293 கிலோ. விசைக்கு நூறு டிக்கல், டிக்கல் ஒன்று 16.33 கிராம். விசை என்பது நம் பழைய நிறைக்கணக்கின் வீசைதான். ஆங்கிலத்தில் 'விஸ்' என்று எழுதுவதும் அதிலிருந்து போனது.

இரண்டே முக்கால் விசையை 2.75 என்று தசமமாக வைத்தது தப்பு. 1.1 விசையும் 2.2 விசையும் கூட்டினால் பைத்தான் 3.3000000000000003 என்கிறது. நிரலின் குற்றமில்லை. கணினி தசமத்தை இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டு) வைப்பதால் 1.1 என்பதே அதற்குத் துல்லியமாகத் தெரியாது. பில்லில் இந்த வால் தெரியாது. ஆனால் இருப்புக் கணக்கில் "நிறுத்ததும் விற்றதும் சமமா" என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். மாற்றியது: எடை எல்லாம் டிக்கலில், முழு எண்ணாக. இரண்டே முக்கால் விசை 275. காசு கியாட்டில் (பர்மிய நாணயம்), அதுவும் முழு எண்.

அடுத்த பொறி, தசமத்தை முழு எண்ணாக்கும் ரவுண்ட் கட்டளை. விசை 6,450 கியாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 டிக்கலுக்கு 2,257.5 வரும், ரவுண்ட் அதை 2,258 ஆக்கும். 25 டிக்கலுக்கு 1,612.5, அதை 1,612 ஆக்கும். அரையை ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் தள்ளுகிறதே என்று குழம்ப வேண்டாம். சரிபாதியாக நின்றால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது பைத்தானின் வழக்கம். கடையில் அந்த வழக்கம் இல்லை. அங்கே எல்லாம் ஐம்பது கியாட்டுக்கு முடித்துக்கொள்வார்கள். ஆகவே விலையை டிக்கலால் பெருக்கி, இரண்டு சாய்கோடு போட்ட முழு வகுத்தலால் 100-இல் வகுத்து, 25 கூட்டி, மறுபடி 50-இல் முழுதாக வகுத்து, 50-ஆல் பெருக்குவது. 35 டிக்கல் 2,250 என்று வந்தது. கல்லாவில் கேட்பதும் அதுதான்.

விசையை எப்படி உள்ளே வாங்குவது என்பதில் ஒரு வாரம் போனது. பையன் 2.5 என்று அடித்தான். அவன் நினைத்தது இரண்டு விசை ஐந்து டிக்கல், 205. நிரல் எடுத்துக்கொண்டது இரண்டரை விசை, 250. எந்தப் பாடத்திலும் இது வராது, கடையில் நின்றால்தான் தெரியும். தீர்வு முரட்டுத்தனமானது: புள்ளியையே தடை செய்தாயிற்று. இடையில் சிறுகோடு, 2-5 என்றால் 205, 2-50 என்றால் 250. புள்ளி அடித்தால் திரும்பக் கேட்கும்.

வட்டத்தில் விழுந்தது

இது நெடுநேரம் பிடித்த பிழை. அடித்த எழுத்தை முழு எண்ணாக்கும் பைத்தானின் இன்ட் கட்டளை வெறும் 0–9 மட்டும் படிப்பதில்லை. பர்மிய எண்களைக் கொடுத்தாலும் படிக்கும், தமிழ் எண்ணைக் கொடுத்தாலும் படிக்கும். ௧௨ என்று கொடுத்தால் 12. ஆனால் பழைய பேரேட்டில் இருக்கும் ௰ குறியைக் கொடுத்தால் படிக்காது. அது பத்து என்ற மதிப்புள்ள குறி, இலக்கம் இல்லை. ஃபோனில் பர்மிய விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி என்று சந்தோஷப்பட்டது இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் சில பில்கள் மட்டும் வேல்யூ எர்ரர் (மதிப்பு தவறு) என்று விழுந்தன. திரையில் பார்த்தால் எண் சரியாகத்தான் இருக்கிறது. திரும்ப அடித்தால் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் இல்லை. பிழைச் செய்தியையே பத்துத் தரம் படித்து ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் ஆர்ட் என்ற கட்டளையால் அச்சடித்துப் பார்த்தபோது பிடிபட்டது. பர்மிய 'வ' எழுத்தும் பர்மியச் சுழியும் கண்ணுக்கு ஒரே வட்டம். கை பழக்கத்தில் சுழி வேண்டிய இடத்தில் 'வ' எழுத்தை அடித்துவிடுகிறார்கள். மனிதக் கண்ணுக்கு அது பத்து, நிரலுக்கு அது ஒன்றும் ஒரு எழுத்தும். ஏழுக்கும் 'ய' என்று ஒலிக்கும் எழுத்துக்கும் இதே குழப்பம் உண்டு.

எடை, விலை என்ற இரண்டு இடத்தில் மட்டும், இன்டுக்குப் போகுமுன் இந்த இரண்டு எழுத்தையும் இலக்கமாக மாற்றும் ஐந்து வரி சேர்த்ததும் அடங்கியது. பெயர் எழுதும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது, சொல்லே கெட்டுவிடும். கூடவே ஆயிரத்துக்கு நடுவில் போடும் காற்புள்ளியையும் எடுத்துவிட வேண்டும், 1,000 என்று கொடுத்தாலும் இன்ட் விழும்.

எழுத்துச் சிக்கல் தமிழிலும் விடவில்லை. கொத்தமல்லி ஒருநாள் அன்றைய கூட்டலில் இரண்டு வரியாக வந்தது. "கொ"வின் துணைக்குறியை ஒரு விசைப்பலகை ஒரே குறியாகப் போடுகிறது, இன்னொன்று ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகப் போடுகிறது. பார்வைக்கு ஒன்று, பெயர்வாரியாகக் கணக்கு வைக்கும் டிக்ஷனரிக்கு இரண்டு சரக்கு. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க, யூனிகோட்டேட்டா நூலகத்தில் நார்மலைஸ், என்எஃப்சி என்று ஒரு வரி போட்டால் தமிழுக்குப் போதும். பர்மியப் பெயருக்குப் போதாது. 2019 அக்டோபரில் நாடு அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறினாலும் யூனிகோடுக்கு ஒத்துவராத ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு வைத்த ஃபோன்கள் இன்னும் கையில் இருக்கின்றன. அதில் அடித்ததை ஒரு வரியில் திருத்த முடியாது. ஆகவே பெயரை வைத்துச் சேர்ப்பதையே விட்டுவிட்டு, சரக்குக்கு இரண்டு இலக்க எண் கொடுத்தாயிற்று. உளுந்து 11, துவரை 12. முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை.

முந்தின ஆள் பில்

பாடத்தின் நான்காம், ஐந்தாம் பகுதி ஃபங்ஷனும் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டு) லிஸ்டும் (பட்டியல்). அங்கே வந்த பிழை வேடிக்கையானது: இரண்டாவது வாடிக்கையாளர் பில்லில் முதல் ஆள் வாங்கியதும் சேர்ந்து வருகிறது. மூன்றாவது ஆளுக்கு இருவருடையதும். நிரலை மூடித் திறந்தால் சரியாகிவிடும், பிறகு மறுபடி. காரணம், ஃபங்ஷன் தலைப்பிலேயே காலி லிஸ்ட்டை இயல்பு மதிப்பாகக் கொடுத்தது. அந்த லிஸ்ட் ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வராது. வரையறுக்கும்போது ஒரே ஒருமுறை உண்டாகி, அதிலேயே எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். தலைப்பில் நன் (எதுவும் இல்லை என்ற மதிப்பு) என்று கொடுத்து, உள்ளே நன் ஆக இருந்தால் புதிய லிஸ்ட் என்று எழுதியதும் தீர்ந்தது.

ஃபைல்

ஆறாம் பகுதி. இங்கே மூன்று அடி, மூன்றும் விண்டோஸில்.

ஒன்று, தமிழ்ப் பெயரை ஃபைலில் எழுதப் போனால் யூனிகோட் என்கோடு எர்ரர், சார்மேப் என்று ஏதோ சொல்லி விழும். ஃபைலைத் திறக்கும் ஓபன் கட்டளையில் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று கையால் கொடுக்க வேண்டும். பாடம் எழுதியவர்கள் மேக்கிலோ லினக்ஸிலோ ஓட்டிக் காட்டினால் இந்தப் பிழை அவர்கள் கண்ணில் படாது. இரண்டு, எக்ஸெலில் திறந்தால் தமிழ் கோணல்மாணல் குறியாகத் தெரிந்தது. எழுதும்போது யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றியதும் சரி. வரிக்கு வரி நடுவே காலி வரி வந்தால் ஓபனில் நியூலைனுக்கு வெற்று மேற்கோள் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் வலித்தது. ஒவ்வொரு பில்லுக்கும் அன்றைய ஃபைல் முழுவதையும் படித்து, புதிய வரியைச் சேர்த்து, 'டபிள்யூ' முறையில் திறந்து முழுவதையும் திரும்ப எழுதும் ஏற்பாடு. மேசைக் கணினிக்கு பேட்டரி கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனது. திரும்ப வந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, அளவு 0. 'டபிள்யூ' என்று திறந்த கணமே பழையது துடைக்கப்பட்டுவிடும், புதியது டிஸ்க்குக்குப் போவது அதற்குப் பிறகு. இந்த இடைவெளியில் கரன்ட் போனால் இரண்டும் இல்லை. அன்றைய 60 சொச்சம் பில்லைக் காகிதக் கார்பனிலிருந்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, காகிதத்தை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

இப்போதுள்ள முறை: பில் வரி ஒவ்வொன்றும் 'ஏ' முறையில் ஃபைலின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும், உடனே ஃப்ளஷ், அடுத்து ஓஎஸ் நூலகத்தின் எஃப்சிங்க், இரண்டும் சேர்ந்து வரியை டிஸ்க்குக்கே தள்ளிவிடும். முழுதாகத் திருத்தி எழுத வேண்டிய ஃபைல் என்றால் பக்கத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, மூடிய பிறகு ஓஎஸ் ரிப்ளேஸ் கொண்டு ஒரே அடியில் பெயர் மாற்றுவது. நடுவில் கரன்ட் போனாலும் பழையதாவது நிற்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்க மெயின் சுவிட்சை இழுத்து ஆறு தடவை சோதித்தாயிற்று. ஒரு தடவை கடைசி வரி பாதியில் நின்றது. படிக்கும்போது அரை வரியைத் தள்ளிவிடும் டிரை–எக்ஸெப்ட் (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) அதற்குப் போதும். கணினியை இப்படிச் சோதிக்க உடைமைக்காரர் சம்மதம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சு

பில்லில் பத்தி நேராக நிற்கவில்லை. சரக்குப் பெயருக்கு 15 இடம் ஒதுக்கினால் ஆங்கிலப் பெயருக்குச் சரியாக இருக்கும், தமிழுக்குப் பல்லிளிக்கும். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, நீளம் எண்ணும் பைத்தானின் லென் கட்டளை அதை 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்தாக எண்ணும் நூலகங்கள் உண்டு, ஆனால் தமிழ் எழுத்துகளின் அகலமே சமமில்லை என்பதால் அதுவும் முழுத் தீர்வில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பெயர்ப் பத்தியைக் கடைசிக்குத் தள்ளியாயிற்று: எண், எடை, விலை, தொகை, பிறகு பெயர். இலக்கங்கள் நேராக நிற்கின்றன, பெயர் எங்கே முடிந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

சரிபார்ப்பு, செலவு

பழைய காகித பில் 30 எடுத்து, எடையும் விலையும் கொடுத்தால் அதே தொகை வருகிறதா என்று அசெர்ட் வரிகளாக (ஒத்துவராவிட்டால் நிரலை நிறுத்தும் கட்டளை) எழுதி ஒரு தனி ஃபைல். நிரலில் கை வைத்த ஒவ்வொரு தடவையும் அது முதலில் ஓடும். முதல் ஓட்டத்தில் மூன்று ஒத்துவரவில்லை. ஒன்று நிரலின் பிழை, இரண்டு காகிதத்தின் பிழை.

டேட்டா விலை நின்ற விலையில் நிற்பதில்லை, அதனால் செலவை எம்பியில் சொல்வதே சரி. பைத்தான் நிறுவி 25–30 எம்பி, விஷுவல் ஸ்டுடியோ கோடு நூறை ஒட்டி. காணொளியை 360 என்ற குறைந்த தரத்தில் இறக்கினால் மணிக்குச் சுமார் 150 எம்பி. வசன வரிக் கோப்பை மட்டும் இறக்கினால் ஒரு விரிவுரைக்குக் கிலோபைட் கணக்குதான். மூன்றில் இரண்டு விரிவுரையை இப்படி வாசித்தே முடிக்கலாம். நேரம் வாரத்துக்கு ஆறு மணி. அதில் பாதி பாடம், பாதி கடை நிரல். கடை நிரலுக்கு முக்கால் பங்கு கொடுத்திருக்கலாம்.

மறுபடி தொடங்கினால் மாறுவது சில. ஒரே பாடம், முதல் நாளிலிருந்து. எல்லா ஃபைலும் முதலிலேயே யூடிஎஃப்-8. சரக்குக்கு எண். இப்போதுள்ள சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த எளிய ஃபைல்) விட்டுவிட்டு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம், பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, கரன்ட் போகும் தொல்லையை அதுவே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கும் பழக்கம் மூன்றாம் வாரத்தில்தான் வந்தது, அதையும் முதல் நாளே.

பாக்கி நிற்பது மூட்டை. சில்லறை முடிந்தது, மொத்த விற்பனையை ஏற்ற வேண்டும். நிரலில் மூட்டை என்றால் 30 விசை என்று எழுதியிருக்கிறது. அது 108 பவுண்டு அரிசி மூட்டைக்குத்தான் சரி. 50 கிலோ மூட்டை 30 விசை 62 டிக்கல். ரங்கூனின் பேயின்னாங் மொத்தச் சந்தையிலிருந்து வரும் பருப்பில் இரண்டும் கலந்து வந்தால் மூட்டைக்கு ஒரு கிலோ கணக்கில் உதைக்கும். அடுத்த வாரம் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, மூட்டையின் எடையைச் சரக்கு வரும்போதே கேட்டு வாங்கும்படி மாற்ற வேண்டும்.